ஓடாத சைக்கிளில் ஒரு கலியாணப் பேச்சு

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், சுவிஸின் பேர்ண் நகரத்தில், ஓர் அங்குலம்கூட நகராத சைக்கிள் ஒன்றின் மேல் இருந்தபடி நான் இறந்துபோனேன். அந்த நேரத்தில் அப்படித்தான் உறுதியாக நம்பினேன். இதை நானே எழுதுவதால் முடிவு உங்களுக்கு முதலே தெரிந்துவிடுகிறது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு வயது ஐம்பத்து நாலு. பக்கத்து ஊரான ஓஸ்டர்முண்டிகனில் வீடு. பேர்ணில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அங்கே எனக்குப் பக்கத்தில் நின்று மரக்கறி வெட்டுபவர் ஹொங்கொங்கிலிருந்து வந்தவர். பல வருடங்களாக ஒன்றாக வேலை செய்கிறோம். எங்கள் இருவருக்கும் பொதுமொழி ஜெர்மன். ஆனால் நாங்கள் பேசுவதைக் கேட்டு "இது எங்கள் மொழி" என்று எந்த ஜெர்மன்காரரும் உரிமை கோரமாட்டார். அவருடைய தாய்மொழியான கன்டோனீஸில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வசனம்: "ஹோ சன்ஃபூ." சரியான கஷ்டம் என்று அர்த்தம். பெரிய சூப்புப் பானையைத் தூக்கும்போதெல்லாம் ஊருக்கே கேட்கும்படி அதைச் சொல்லுவார். பானையின் மற்றப் பக்கத்துக் கைப்பிடி என்னிடம் இருக்கும். நான் ஒன்றும் சொல்லாமல் சிரித்தபடி தூக்குவேன். பிறகு குளிர் அறைக்குள் போய், கரட் பெட்டிகள் மட்டும் பார்த்திருக்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த நண்பர்தான் ஒருநாள் துண்டுப்பிரசுரம் ஒன்றோடு வந்தார். இருதய வருத்தக்காரரை உடற்பயிற்சி செய்யவிட்டு, "இப்போது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறதாம். ஆறில் தொடங்கி இருபதில் முடியும். ஆறு என்றால் சும்மா இருப்பது. இருபது என்றால் இனி ஒரு மிதிகூட முடியாது. ஜெர்மன் தெரியாத நோயாளிகளுக்காக அதைக் கன்டோனீஸிலும் தமிழிலும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு சரியாக வேலை செய்கிறதா என்று பரீட்சித்துப் பார்க்க, நடுத்தர வயதுச் சுகதேகிகள் தேவை. நண்பர் கன்டோனீஸுக்குப் பெயர் கொடுத்திருந்தார். "தமிழ் ஆள் யாராவது தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். மீன்கடைத் தொட்டிக்குள் ஓடும் மீனைக் காட்டுவதுபோல் அவர் என்னைக் காட்டிவிட்டார்.

சுகதேகி என்ற சொல்லில்தான் சின்னச் சிக்கல். அந்தக் கோடைகாலம் தொட்டு, எங்கள் வீட்டுப் படியேறும்போது இடையில் நின்று யன்னலால் வெளியே பார்க்கும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. "என்ன பாக்கிறியள்?" என்று மனைவி கேட்டால், "காட்சி" என்பேன். அந்த யன்னலால் தெரிவது குப்பைத் தொட்டிகள். இன்னொரு நாள் சப்பாத்துக் கயிறு கட்டுவதாகச் சொன்னேன். நான் போட்டிருந்தது கயிறில்லாத சப்பாத்து. மனைவி சப்பாத்தை ஒருமுறை பார்த்தாள், மேலே போனாள். நானும் மூச்சு வந்ததும் மேலே போனேன்.

அந்த நேரம் எங்கள் வீட்டில் மகனுடைய கலியாணப் பேச்சு வேறு ஓடிக்கொண்டிருந்தது. பெண் பக்கம் எம்மன்புரூக்கே என்ற ஊர். தகப்பன் பஸ் ஓட்டுகிறார். பிள்ளை பிசியோதெரபி முடித்துவிட்டு மேலே படிக்கிறாள். பிள்ளைகள் இரண்டும் தாங்களாகவே இரண்டொரு தரம் சந்தித்துக் கோப்பி குடித்து, பிடித்தும் போயிருந்தது. ஆனாலும் எங்கள் ஆட்களுக்குப் பிடித்துப்போவது மட்டும் காணுமா? இரு பக்கமும் மெல்ல விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். யாருக்கு என்ன வருத்தம், யாருடைய தகப்பன் எதனால் செத்தார் என்பது அந்த விசாரணையில் முக்கியமான பகுதி. அதற்காக மனைவி எங்கள் எல்லோருக்கும் பாடம் நடத்தியிருந்தாள்.

"என்ரை தம்பிக்குச் சீனி வருத்தம் எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதேங்கோ."

"அப்ப பாயாசம் தந்தால் என்னெண்டு சொல்லுறது?"

"இனிப்பு விருப்பமில்லையாம் எண்டு சொல்லுங்கோ. உங்களுக்கும் ஒண்டும் இல்லை. விளங்குதோ? உங்களுக்கு ஒரு தும்மல்கூட இல்லை."

எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை என்று மனப்பாடம் செய்துகொண்டுதான் அந்தச் சனிக்கிழமை ட்ராம் ஏறினேன்.

அறைக்குள் பக்கம் பக்கமாக இரண்டு சைக்கிள்கள். நடுவில் ஒரு துணித் திரை. அந்தப் பக்கம் என் நண்பரும் கன்டோனீஸ் பேசும் மாணவர் ஒருவரும். இந்தப் பக்கம் எனக்கென்று ஒரு தமிழ்ப் பிள்ளை, கண்ணாடியும் உச்சியில் கட்டிய கொண்டையும் வெள்ளைச் சட்டையுமாக நின்றாள். மேற்பார்வைக்கு ஒரு சுவிஸ் பெண் வைத்தியர் கணினிக்குப் பின்னால் இருந்தார்.

"வணக்கம் அங்கிள். தண்ணி குடிக்கிறீங்களோ?"

"வேண்டாம் பிள்ளை."

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் போத்தலை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். இங்கே பிறந்த பிள்ளைகளிடம் இதுதான் பிரச்சினை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எடுத்துவிடுகிறார்கள். எனக்கு நாக்கு வறண்டு மேல்வாயில் ஒட்டியிருந்தது. இன்னொரு தரம் கேட்பாள் என்று நம்பித்தானே வேண்டாம் என்றேன்!

முதலில் அளவுகோலைக் காட்டி விளங்கப்படுத்தினாள். ஒன்பதுக்குப் பக்கத்தில் "மிக இலகு", பதின்மூன்றுக்குப் பக்கத்தில் "ஓரளவு கடினம்", பதினேழுக்குப் பக்கத்தில் "மிகக் கடினம்" என்று எழுதியிருந்தது. ஏன் ஒன்றில் தொடங்காமல் ஆறில் தொடங்குகிறது என்று கேட்டேன். சொல்லும் இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் நாடித்துடிப்பு கிட்டத்தட்ட வரவேண்டும் என்பதுதான் கணக்காம். எல்லோருக்கும் அச்சொட்டாகப் பொருந்தாது, ஆனால் இரண்டும் சேர்ந்து ஏறவேண்டும் என்றாள். நான் பெரிய விஞ்ஞானிபோல் தலையாட்டினேன். அந்தத் தகவல் இன்னும் கொஞ்ச நேரத்தில் என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

பிறகு நெஞ்சைச் சுற்றிக் கட்டும் நாடித்துடிப்புப் பட்டி. அவள் கையில் இரண்டு அளவுகள் இருந்தன. நடுத்தரமும் பெரிசும். இரண்டையும் நீட்டி, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"எது அங்கிள் வேணும்?"

ஓர் இளம்பிள்ளைக்கு முன்னால் பெரிசை எடுக்க எந்த ஆணுக்குத்தான் மனம் வரும்? நடுத்தரத்தை எடுத்துக்கொண்டு மறைவுக்குப் போனேன். கொளுக்கியை மாட்டுவதற்குள் வியர்த்துவிட்டது. எப்படியோ மாட்டினேன். நெஞ்சு இறுக்கிக் கட்டிய மூட்டைபோல் ஆகிவிட்டது. அதன் மேல் சட்டையை இழுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு சைக்கிளில் ஏறினேன்.

மிதிக்கத் தொடங்கியதும், எங்கள் வழக்கப்படி ஊர் விசாரிக்கத் தொடங்கினேன்.

"பிள்ளை எந்த இடம்?"

"எம்மன்புரூக்கே, அங்கிள்."

"அப்பா என்ன செய்யிறார்?"

"பஸ் ஓட்டுறார்."

மிதியில் இருந்த என் கால் ஒரு கணம் நின்றது. கைத்தொலைபேசியில் மனைவி காட்டிய படம் நினைவுக்கு வந்தது. அதில் சேலை, நகை, விரித்த முடி, நான்கைந்து மல்லிகைச் சரம். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் "பாத்தது காணும்" என்று மனைவி பறித்துக்கொண்டாள். இப்போது அந்த மல்லிகையை மனதில் கழற்றி, கண்ணாடியைப் போட்டு, கொண்டையை உச்சிக்கு ஏற்றிப் பார்த்தேன். அவளேதான். என் வருங்கால மருமகள், என் இருதயம் துடிக்கும் வேகத்தைச் சைக்கிளோடு பூட்டியிருந்த சின்னத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள்!

"அங்கிள், இப்ப எத்தினை?"

"ஒன்பது" என்றேன். மிக இலகு.

அவள் எதையோ அழுத்தினாள். மிதி கொஞ்சம் பாரமானது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பாரத்தைக் கூட்டிக்கூட்டிக் கேட்பதுதான் பரீட்சையாம். இலகு என்று சொன்னால் இன்னும் கூட்டுவார்கள். கஷ்டம் உச்சத்துக்குக் கிட்ட வந்துவிட்டது என்று சொன்னால் நிறுத்திவிடுவார்கள். இதைவிட நியாயமான ஏற்பாடு உலகத்தில் இல்லை. ஆனால் கஷ்டம் என்று நான் சொன்னால் என்ன நடக்கும்? மாப்பிள்ளையின் தகப்பனுக்கு நெஞ்சு பலவீனம். சைக்கிள் ஓடவே களைக்கிறார். இந்தச் செய்தி பின்னேரம் எம்மன்புரூக்கேக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து யாராவது, "பரம்பரை வருத்தமாம்" என்று ஒரு சொல்லைச் சேர்ப்பார்கள். மகனின் கதை முடிந்தது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து என் நண்பரின் குரல் வந்தது. "ஹோ சன்ஃபூ!" அவர் இரண்டாவது பாரத்திலேயே அலறத் தொடங்கிவிட்டார். கன்டோனீஸில் ஏதோ இலக்கம் சொன்னார். அந்த மாணவர் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார். பாரம் ஏற ஏற அவருடைய இலக்கமும் ஏறியது. அந்த ஆளுக்கு மானமும் இல்லை, மருமகளும் இல்லை என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

"அங்கிள், இப்ப?"

"ஒன்பதுதான் பிள்ளை."

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "உறுதியோ?"

"வேணுமெண்டால் எட்டு எண்டு போடுங்கோ."

சந்தையில் பேரம் பேசுகிறவனுக்குக்கூட நிறுத்தத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. பாரம் மறுபடி ஏறியது. இப்போது நான் சைக்கிள் மிதிக்கவில்லை. கடலைக் கலக்கிக்கொண்டிருந்தேன். நெற்றி வியர்வை கண்ணுக்குள் போனது. துடைத்தால் வியர்த்தது தெரிந்துவிடும் என்று துடைக்கவில்லை. மூக்கால் மட்டும் மூச்சு விட்டேன். அதனால் ஒரு விசில் சத்தம் வந்தது. அதை மறைக்க ஒரு பக்திப் பாட்டை முணுமுணுக்கப் பார்த்தேன். முதல் அடி பாதியிலேயே போய்விட்டது. அப்போதுதான் நெஞ்சில் அந்த இறுக்கம் வந்தது. யாரோ பின்னால் நின்று கயிறு போட்டு இழுப்பதுபோல.

சரி, வந்துவிட்டது என்று நினைத்தேன். மாரடைப்பு.

சாகும்போது வாழ்க்கை முழுவதும் படம்போல் ஓடும் என்பார்கள். எனக்கு ஓடியது மரண அறிவித்தல். "யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், சுவிஸ் ஓஸ்டர்முண்டிகனை வதிவிடமாகவும் கொண்ட அன்னார், சனிக்கிழமை அன்று, மிக இலகு என்று சொல்லிக்கொண்டே இறைவனடி சேர்ந்தார்." எந்தப் படத்தைப் போடுவார்கள் என்ற கவலை அடுத்து வந்தது. வதிவிட அனுமதிக்கு எடுத்த படம்தான் தெளிவானது. அதில் நான் ஆட்டுக் கள்ளன்போல இருப்பேன். பிறகு வேண்டுதல். பேர்ணில் எங்கள் கோயில் இருக்கும் கட்டடத்திலேயே மற்றச் சமயத்தாருக்கும் இடம் இருப்பதால், அவசரத்துக்கு ஒரே வேண்டுதலை எல்லாக் கதவுக்கும் போட்டுவைத்தேன். யாராவது ஒருவர் வீட்டில் இருப்பார்.

"அங்கிள்! எத்தினை?"

வாய் வரவில்லை. விரலைத் தூக்கினேன். செத்தாலும் கொள்கை மாறாத ஒரு மனிதனாக, அளவுகோலில் இருந்த ஒன்பதைத் தொட்டுக் காட்டினேன்.

அந்த நேரம் பார்த்து நடுவிலிருந்த துணித் திரை விலகியது. தன் பரீட்சை முடிந்து, கழுத்தில் துவாயோடு, என் நண்பர் எட்டிப் பார்த்தார். சூப்புப் பானையின் மற்றப் பக்கத்திலிருந்து இத்தனை வருடம் என் முகத்தைப் பார்த்தவர். என் விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், எங்கள் உடைந்த ஜெர்மனில் வைத்தியரைப் பார்த்துக் கத்தினார். "பொய்! இந்த மனுசன் எப்பவும் பொய்! இது இருபது! இருபது!"

சைக்கிள் நின்றது. நாலு கைகள் என்னை இறக்கிக் கட்டிலில் போட்டன. "நெஞ்சு... இறுக்குது..." என்று கடைசி வாக்குமூலம்போல் சொன்னேன். வைத்தியர் என் சட்டையைத் தூக்கினார். பட்டியைப் பார்த்தார். பிறகு கையை முதுகுக்குப் பின்னால் விட்டுப் பட்டியின் கொளுக்கியைக் கழற்றினார்.

டயர் வெடித்ததுபோல் என்னிடமிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. மாரடைப்பு அந்தக் கணமே சுகமாகிவிட்டது. நெஞ்சைச் சுற்றி நல்ல சிவப்பாக ஒரு கோடு மட்டும் மிஞ்சியது. நண்பர் அதைத் தொட்டுப் பார்த்து, கன்டோனீஸில் ஏதோ சொல்லிச் சிரித்தார். கேட்காமலே விளங்கியது.

ஆனால் வைத்தியர் சிரிக்கவில்லை. இருதயத்தின் கோட்டுப்படம் எடுத்துப் பார்த்தார். அது நன்றாக இருந்தது. இளைப்பாறவிட்டு இரத்த அழுத்தத்தைத் திரும்பத் திரும்ப அளந்தார். அது நன்றாக இல்லை. படியேறும்போது மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். "இல்லை" என்றேன். என் மனைவி தந்த பாடம் அவ்வளவு உறுதியானது.

அந்தப் பிள்ளை கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "இல்லையோ, அங்கிள்?"

"இல்லை, பிள்ளை."

"உண்மையாய் இல்லையோ?"

மூன்றாம் தரம் கேட்டால் எங்கள் ஆட்கள் தாங்கமாட்டார்கள். யன்னல், குப்பைத் தொட்டி, இல்லாத சப்பாத்துக் கயிறு எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் வைத்தியருக்கு ஜெர்மனில் மொழிபெயர்த்தாள். "குப்பைத் தொட்டியையும் சொல்ல வேணுமோ?" என்று கேட்டேன். அவள் அதையும் சொன்னாள். உடனே குடும்ப வைத்தியரிடம் போய் மருந்து எடுக்கவேண்டும், அதுவரை சைக்கிள் பக்கமே வரக்கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கணினிக்குத் திரும்பினார்.

நண்பர் உடுப்பு மாற்றப் போய், நாங்கள் இருவரும் தனியே இருந்தபோது, "பிள்ளை, நான் ஆரெண்டு தெரியுமோ?" என்று கேட்டேன்.

"பேரைப் பாத்தவுடனயே தெரியும் அங்கிள். வேற ஆளைப் போடச் சொல்லிக் கேட்டுப் பாத்தனான். தமிழ் கதைக்க வேற ஆள் இல்லை." அவள் தலையைக் குனிந்தாள். "எனக்கும் பிழை இருக்குது. உங்களுக்குப் பெரிய பட்டிதான் வேணும் எண்டு பாத்த உடனயே தெரியும். எப்பிடிச் சொல்லுறது? நாளைக்கு எல்லாம் சரிவந்தால், மாமனாரோட நான் கதைச்ச முதல் கதை அவரின்ரை சுற்றளவைப் பற்றி எண்டு வந்திடக்கூடாதெண்டு..."

சொல்லும்போதே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகு பார்த்தால் அவள் முகம் திரும்ப வாடியிருந்தது. விஷயம் அப்போதுதான் தெரிந்தது. இதற்கு முன் வந்த தமிழ் ஆண்களும் இப்படித்தானாம். நாடி குதிரைபோல் ஓடும், வாய் இலகு என்று சொல்லும். கன்டோனீஸ் பக்கத்தில் நாடியும் இலக்கமும் கைகோத்து ஏறுகின்றன. தமிழ்ப் பக்கத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. மொழிபெயர்ப்புத்தான் பிழை என்று நினைத்து, அவள் சொல்லுக்குச் சொல் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். இப்படியே போனால் தமிழை விட்டுவிட்டுக் கன்டோனீஸை மட்டும் வைத்து முடிப்போம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம்.

"விட்டால் என்ன நடக்கும்?" என்றேன்.

"என்ரை படிப்பு கொஞ்சம் பிந்தும். அது பரவாயில்லை. ஆனால் எங்கட ஆக்கள் ஒப்பரேஷன் முடிஞ்சு வந்து, ஜெர்மன் அளவுகோலைப் பாத்து விளங்காமல் தலையாட்டிக்கொண்டு மிதிப்பினம்." பிறகு சொன்னாள். "இண்டைக்குத்தான் விளங்குது, அங்கிள். மொழிபெயர்ப்பில ஒரு பிழையும் இல்லை. ஆக்களிலதான் பிழை."

அந்த வசனம் பட்டியைவிட இறுக்கியது. என் மகனைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவன் கட்டவிருக்கும் பிள்ளையின் வேலைக்கல்லவா நான் கொள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்!

"பிள்ளை, நான் வந்தவுடன தண்ணி வேணுமோ எண்டு கேட்டனீங்கள். நான் என்ன சொன்னனான்?"

"வேண்டாம் எண்டு."

"எனக்கு நாக்கு ஒட்டிக் கிடந்தது."

அவள் பதறி எழும்பி அலுமாரிக்கு ஓடினாள். போத்தலை வாங்கிக் குடித்துக்கொண்டே விளக்கம் சொன்னேன். எங்கள் வீடுகளில் முதல் தரம் கேட்டதற்குச் சொல்லும் பதில் மரியாதைக்கு. அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது. இரண்டாம் தரம் சொல்வது பக்கத்தில் இருப்பவர்களுக்காக. மூன்றாம் தரம் கேட்டால்தான் தேத்தண்ணி வேண்டுமா வேண்டாமா என்று தெரியும். உங்கள் பரீட்சையில் முதல் பதிலையே பிடித்து எழுதிவிடுகிறீர்கள். அது நாடியோடு எப்படிப் பொருந்தும்?

"மூண்டு தரம் கேக்க விடமாட்டினம், அங்கிள். எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் கேக்க வேணும்."

"அப்ப முதல் ரெண்டையும் வேற எங்கையாவது சொல்லி முடிக்கவிடுங்கோ."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து வைத்தியரிடம் போனாள். நெடுநேரம் ஜெர்மனில் கதைத்தார்கள். வைத்தியர் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது சிரிப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. "நான் தம்பியின்ரை சீனியை மறைக்க என்ன பாடு படுறன்? நீங்கள் போய்ப் பொம்பிளைக்கு முன்னால சட்டையைத் தூக்கி நெஞ்சையே காட்டிப்போட்டு வந்திருக்கிறியள்!" என்று தொடங்கினாள். இரவுச் சாப்பாடு வரை தொடர்ந்தது. பிறகு, கோப்பையைக் கழுவியபடி, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். "அந்த யன்னலில நிக்கிறது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளே? நானே சொன்னால் உண்மையாயிடுமோ எண்டு பயந்துதான் கேக்கேல்லை." மகன் எனக்குக் குடும்ப வைத்தியரிடம் நேரம் குறித்துத் தந்தான்.

எம்மன்புரூக்கேயிலிருந்து இனி சத்தம் வராது என்று மனைவி தீர்ப்புச் சொல்லியிருந்தாள். ஒரு கிழமை வரவும் இல்லை. நான் மருந்தை விழுங்கிக்கொண்டு மகனின் முகத்தைப் பார்க்காமல் திரிந்தேன். பொறுக்கமுடியாமல் மனைவியே பெண்ணின் தாய்க்குத் தொலைபேசி எடுத்து நடந்ததை ஒப்பித்து, "இப்ப மருந்து எடுக்கிறார், பயப்பிட ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டாள். அடுத்தநாள் பின்னேரம் தொலைபேசி அடித்தது. பெண்ணின் தகப்பன்.

"அண்ணை, நீங்கள் ஒன்பது எண்டு சொன்னியளாம்?"

"ஓம்" என்றேன், தூக்குத்தண்டனைக் கைதியின் குரலில்.

"நான் ஆறு சொன்னனான்."

"என்ன?"

"மகள் இந்தப் பரீட்சை தொடங்க முதல் என்னை வைச்சு ஒத்திகை பாத்தவள். தொடக்கத்திலயிருந்து கடைசிவரைக்கும் ஆறு. சும்மா இருக்கிற மாதிரி எண்டு. பிறகு படியால இறங்கேலாமல் கைப்பிடியைப் பிடிச்சுக்கொண்டு பின்பக்கமாய் இறங்கினனான். ஆறுக்குக் கீழை இலக்கம் இருந்திருந்தால் அண்ணை, அதையும் சொல்லியிருப்பன்."

இரண்டு பக்கத்திலும் சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. அடங்கிய பிறகு அவர் தனக்குக் கொலஸ்ட்ரோல் இருப்பதைச் சொன்னார். நான் மச்சானின் சீனியைச் சொன்னேன். அவர் தன் மனைவியின் தைரொய்டைச் சொன்னார். என் மனைவி பக்கத்தில் நின்று கையால் வாயைப் பொத்து என்று காட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய முழங்கால் வலியையும் சேர்த்துவிட்டேன். ஒரு கலியாணப் பேச்சு இவ்வளவு வருத்தங்களோடு இவ்வளவு சந்தோஷமாக முற்றானதை நான் கேள்விப்பட்டதில்லை.

அழுத்தம் இறங்கி, குடும்ப வைத்தியர் சம்மதம் எழுதிக் கொடுத்த பிறகு, நான் மறுபடி அந்தச் சைக்கிளில் ஏறினேன். இம்முறை பெரிய பட்டி. நானே கேட்டு வாங்கினேன். முறையும் மாறியிருந்தது. சைக்கிளுக்கு முன்னால் ஒரு பழகும் சுற்று வைத்திருந்தார்கள். படியேறு, இலக்கம் சொல். பெட்டி தூக்கு, இலக்கம் சொல். யாரும் எதையும் எழுதமாட்டார்கள். கன்டோனீஸ் ஆட்களுக்கும் அதுவே. மரியாதைப் பதிலெல்லாம் அங்கேயே சிந்தி முடிந்துவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் "ஒன்பது" என்றேன். கொஞ்சம் யோசித்து "பதினொன்று" என்றேன். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உண்மையைச் சொன்னேன்.

சைக்கிளில் பாரம் ஏறிக்கொண்டே போனது. வியர்வையைத் துடைத்தேன். வாயால் மூச்சு வாங்கினேன். வெட்கம் பார்க்காமல் முனகினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பிள்ளைக்கு முன்னால், அறை அதிரக் கத்தினேன்.

"பதினேழு! பிள்ளை, பதினேழு! மிகக் கடினம்!"

அவள் திரையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "சரியாய் இருக்குது. நன்றி, மாமா."

அங்கிள் இல்லை. மாமா. நான் அந்தச் சைக்கிளிலிருந்து விழப் பார்த்தது அன்றுதான்.

தமிழ் அளவுகோல் தப்பிப் பிழைத்துவிட்டது. பிள்ளைகளின் கலியாணமும் முடிந்துவிட்டது. சமையலறையில் நானும் நண்பரும் பானையைத் தூக்கும்போது இப்போது இலக்கத்தைச் சொல்லிக்கொள்கிறோம். அவர் பதினைந்து என்றால் நானும் பதினைந்து என்கிறேன். சம்பந்தியோ இன்றைக்கும் தொலைபேசியில் "ஆறு" என்றுதான் தொடங்குவார். மூன்றாம் தரம் கேட்டால் இறங்கிவருவார்.

போன மாதம் ஒரு பின்னேரம், மனைவி வேலை முடிந்து வந்தாள். அவள் வைத்தியசாலை ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குப் போய் அரிசிப் பானையை எடுத்தாள். வழமையாக நான் "என்ன, களைப்போ?" என்பேன். அவள் "ஒண்டுமில்லை" என்பாள். அதோடு இருவருடைய கடமையும் முடிந்துவிடும். அன்று என்ன நினைத்தேனோ, "எத்தினை?" என்று கேட்டேன்.

"ஒன்பது" என்றாள்.

"எத்தினை?"

"பதினொண்டு. சும்மா அலட்டாமல் போங்கோ."

"எத்தினையப்பா?"

பானையை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். "பதினெட்டு" என்றாள். நான் அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்து, அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இத்தனை வருடமும் ஒரே வீட்டுக்குள் எத்தனை பதினெட்டுகள் ஒன்பது என்று சொல்லிக்கொண்டு என்னைக் கடந்து போயிருக்கும் என்று, அந்தத் தேத்தண்ணியை அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.